பாதுகையும் இரண்டு மூட்டை நெல்லும்

1

2024 வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்திருந்தாள். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள், காப்பி குடித்து முடிக்கும்வரை ஊர்ச் சமாசாரங்களைப் பேசிக்கொண்டிருந்தாள். டம்ளரைக் கீழே வைக்கும்போது கேட்டாள்: "நீ பேங்குல இருக்க. இங்கிலீஷ்லயும் படிப்ப. தாத்தா நெலத்துல எனக்கு சட்டத்துல எதாவது வழி இருக்கா தம்பி? பொம்பளப் புள்ளைக்கும் பங்கு உண்டுன்னு டிவியில சொல்றாங்களே."

கேள்வி சாதாரணமானது. கேட்கப்பட்ட இடம்தான் விசித்திரம். 2021இல் அப்பா இறந்த பிறகு அந்த நிலம் என் கையில் இருக்கிறது. அம்மா அவருக்கு முன்பே போய்விட்டாள். எனக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. அத்தை வழக்குப் போட்டால் பிராதில் ஒரே பிரதிவாதி நான். களவு போன பொருளை மீட்பது எப்படி என்று, அதை வைத்திருப்பவனிடமே யாரும் யோசனை கேட்பதில்லை. கேட்டால், கேட்பவர் ஒன்றும் தெரியாதவராக இருக்க வேண்டும், அல்லது எல்லாம் தெரிந்தவராக இருக்க வேண்டும். அன்று நான் அத்தையை ஒன்றும் தெரியாதவள் என்று எடுத்துக்கொண்டேன். அது எனக்கு வசதியாக இருந்தது. "விசாரிச்சுச் சொல்றேன் அத்தை" என்றேன்.

விசாரித்தேன். சட்டப் புத்தகங்களைப் புரட்டினேன். வக்கீலாக இருக்கும் நண்பர் ஒருவரிடம் போனேன், கவிதையும் எழுதுபவர். அத்தையின் கேள்வி நான் நினைத்ததைவிட எளிதாகத் தீர்ந்துவிட்டது. அதிலிருந்து எனக்கென்று ஒரு கேள்வி கிளம்பிவிட்டது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2

தாத்தா ஒரு ரைஸ்மில்லில் கணக்குப்பிள்ளை. 1961இல் தன் சம்பாத்தியத்தில் ஆறு மா நன்செய், ஏறக்குறைய இரண்டு ஏக்கர், தன் பெயரில் கிரயம் வாங்கினார். பிதுரார்ஜிதம் அல்ல, சுயார்ஜிதம். 1984இல் உயில் எழுதாமல் இறந்தார். பாட்டி அப்போது உயிரோடு இல்லை. பிள்ளைகள் இருவர்: அப்பா, அவருக்கு இளையவளான அத்தை.

டிவி பேசும் 2005ஆம் வருஷத்துத் திருத்தம், அதற்கு முன்பே தமிழ்நாடு 1989இல் கொண்டுவந்த திருத்தம், 2020இல் உச்சநீதிமன்றம் அளித்த விளக்கம் ஆகிய மூன்றும் கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்தைப் பற்றியவை. அத்தைக்கு இவை எதுவுமே தேவையில்லை. 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவே போதும். உயிலில்லாமல் இறந்தவரின் தனிச் சொத்துக்கு மகனும் மகளும் முதல் வகுப்பு வாரிசுகள், சமபங்கு. தாத்தாவின் மூச்சு அடங்கிய கணத்தில் மூன்று மா அவளுடையதாகிவிட்டது. யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை, அவளும் கேட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை. நாற்பது வருஷமாக அவள் தன் சொந்த வயல் வரப்பில் விருந்தாளியைப் போல நடந்துவிட்டுப் போயிருக்கிறாள்.

குடியிருந்த வீட்டைப் பற்றி அதே சட்டம் வேறு தொனியில் பேசியது. குடும்பத்தார் முழுக்கக் குடியிருக்கும் வீட்டில், ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது என்றது 23ஆம் பிரிவு. மகளுக்கு அங்கே வசிக்கும் உரிமை உண்டு. ஆனால் அவள் மணமாகாதவளாகவோ, கணவனால் கைவிடப்பட்டவளாகவோ, பிரிந்து வந்தவளாகவோ, விதவையாகவோ இருக்க வேண்டும். 2005இல்தான் இந்தப் பிரிவு நீக்கப்பட்டது. பிறந்த வீடு என்று நம் எழுத்தில் உருகி உருகிச் சொல்லப்படும் விஷயத்தை ஒரு சட்டப்பிரிவாக எழுதினால் இப்படித்தான் வரும் போலிருக்கிறது: நொடித்துப்போனால் வா, நன்றாக இருக்கும்போது கேட்காதே.

நிலம் எப்படிப் போயிற்று? 1986இல் அப்பா பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். கட்டிக்கொடுத்த பெண்ணும் வாரிசுதானே என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பட்டா வருவாய்த் துறையின் வரிக்கணக்குக்கானது. அது உரிமையை உண்டாக்குவதுமில்லை, அழிப்பதுமில்லை என்று கோர்ட்டுகள் பலமுறை சொல்லியிருக்கின்றன. ஆனால் கிராமத்தில் பட்டாதான் நிலம். பூட்டு உடைபடவில்லை, பொய்க் கையெழுத்து இல்லை, அத்தையை ஏமாற்றி எதிலும் கைநாட்டு வாங்கவில்லை. ஒன்றைச் சொல்லாமல் இருந்தார். அவ்வளவுதான் நடந்தது.

இதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருஷமும் சம்பா அறுவடை முடிந்ததும் அத்தை வீட்டுக்கு இரண்டு மூட்டை நெல் போகும். பொங்கல் சீர் தனி. கரும்பும் மஞ்சள் கொத்தும் புடவையும் அதில் அடங்கிவிடும். இந்த நெல்லுக்குப் பெயர் இல்லை. சிறுவனாக நானே வண்டியில் மூட்டைமேல் உட்கார்ந்து போயிருக்கிறேன்.

3

வங்கி குமாஸ்தாவுக்குக் காலாவதி என்பது அன்றாட விஷயம். கடன் வாங்கியவர் கையெழுத்திட்டு மூன்று வருஷம் ஆவதற்குள், பாக்கி இவ்வளவு என்பதை ஒப்புக்கொள்ளும் கடிதம் ஒன்றில் அவரிடம் மறுபடியும் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் வழக்குப் போடும் வழி அடைபட்டுவிடும். கவுண்டருக்கு அப்பால் கூச்சத்துடன் நிற்கும் விவசாயிகளிடம் நான் வாங்கிய அப்படிப்பட்ட கையெழுத்துகளுக்குக் கணக்கில்லை. கடனை உயிரோடு வைத்திருப்பது என்பது எங்கள் பாஷை.

1963ஆம் வருஷத்துக் காலவரம்புச் சட்டத்தில் ஒரு நுட்பமான பேதம் இருக்கிறது. கடன் காலாவதியானால் சாவதில்லை. கோர்ட்டுக்குப் போகும் வழிதான் மூடுகிறது. பிறகும் கடன்காரர் தாமாக எழுத்தில் வாக்குக் கொடுத்தால் அது செல்லும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்கிறது. நிலம் அப்படியல்ல. 12 வருஷம் ஒருவர் எதிரிடையாக அனுபவித்து, உரியவர் சும்மா இருந்துவிட்டால், 27ஆம் பிரிவின்படி உரிமையே அழிந்துவிடுகிறது. பணத்துக்கு மறுபிறவி உண்டு, மண்ணுக்கு இல்லை.

அப்படியானால் 1986க்குப் பின் 12 வருஷம், 1998இலேயே அத்தையின் உரிமை செத்திருக்க வேண்டும். சாகவில்லை. சகவாரிசுகளில் ஒருவர் சுவாதீனம் எல்லாருடைய சுவாதீனமாகவே கருதப்படும். ஒருவர் மட்டும் உழுது, வரி கட்டி, விளைச்சலை எடுத்துக்கொண்டால் போதாது. உனக்கு இதில் ஒன்றுமில்லை என்று மற்றவருக்குத் தெரியும்படி மறுத்து வெளியேற்றியிருக்க வேண்டும். 1956இல் உச்சநீதிமன்றம் லட்சுமி ரெட்டி வழக்கில் உறுதிப்படுத்திய விதி இது.

இதைப் படித்ததும் எனக்குப் பரதன் நினைவு வந்தது. பரதன் பதினான்கு வருஷம் நாட்டை வைத்திருந்தான். நம் சட்டத்தின் 12 வருஷத்துக்கு இரண்டு வருஷம் மேலேயே. ஆனாலும் அது எதிரிடை அனுபவம் ஆகாது. சிம்மாசனத்தில் பாதுகை இருந்தது. உரியவன் வேறொருவன் என்று தினமும் சொல்லிக்கொண்டே வைத்திருப்பவனுக்கு எத்தனை காலம் போனாலும் அது சொந்தமாவதில்லை. பரதனுடைய நிலைமை எனக்கு இன்னொரு விதத்திலும் நெருக்கமானது. அநியாயத்தைச் செய்தவன் அவன் இல்லை. பெற்றவர்கள் செய்ததன் பலன் அவன் மடியில் வந்து விழுந்தது. ராமாயணத்தின் தார்மீகப் பிரச்சினை கைகேயியிடம் இல்லை, அவள் முடிவு செய்துவிட்டவள். அது பரதனிடம்தான் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

ஆகவே எல்லாம் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது. அந்த இரண்டு மூட்டை நெல் பாதுகையா?

4

அப்பாவின் கணக்கு நோட்டுகள் என் பீரோவில் இருக்கின்றன. நாற்பது பக்க நோட்டுகள், வருஷத்துக்கு ஒன்று. அவருடைய மரணத்துக்குப் பிறகு, அவர் கையெழுத்தைப் பார்க்கும் ஆசையில் புரட்டினேன். அத்தை வந்துபோன பிறகு வேறொரு கண்ணோடு புரட்டினேன். நிலத்தில் அத்தைக்கு ஒன்றுமில்லை என்று தோன்றும் ஒரு வரிகூட அகப்படவில்லை.

கணக்கு எழுதுபவனுக்கு ஒரு தொகை எவ்வளவு என்பதைவிட எந்த இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பது முக்கியம். அப்பா கண்டுமுதலை மேலே எழுதுகிறார். அதன் கீழே அறுப்புக்கூலி. அதன் கீழே, 'தங்கச்சி 2 மூ.' பிறகு ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே 'நமக்கு' என்று மிச்சம். சாப்பாட்டுக்கு வைத்தது, விதைக்கு வைத்தது, விற்றது, கோயிலுக்குக் கொடுத்தது எல்லாம் அந்த 'நமக்கு' என்பதிலிருந்து போகின்றன. பொங்கல் சீர்ச் செலவும் அங்கேதான். இந்த இரண்டு மூட்டை மட்டும், அறுத்தவர்களின் கூலியைப் போல, நம்முடையது என்று ஆவதற்கு முன்பே கழிக்கப்பட்டிருக்கிறது. இது தானத்துக்குரிய இடம் அல்ல.

எதிர்க்கட்சியும் நானே பேச வேண்டியிருக்கிறது. பங்கு என்றால் விளைச்சலோடு கூடிக் குறைய வேண்டும். ஐம்பது மூட்டை கண்ட வருஷத்திலும் இரண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, பாதிகூடத் தேறாத அந்தச் சம்பாவிலும் இரண்டு. மாறாத அளவு பங்குக்கு உரியதல்ல, சம்பிரதாயத்துக்கு உரியது. பாதியைக் கொடுக்க வேண்டியவர் இரண்டு மூட்டை கொடுத்தார் என்றால் அது ஒப்புதலா, வாயடைப்பா? பாதுகை வைத்தாரா, லஞ்சம் கொடுத்தாரா? அப்பாவுக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். மனிதர்கள் தங்கள் மனசாட்சிக்குக் கொடுக்கும் தொகைகள் எப்போதும் இப்படி மாறாத தொகைகளாகவே இருக்கின்றன.

பி.ஏ. வகுப்பில் படித்த ஃபார்ஸ்டரின் 'ஹவர்ட்ஸ் எண்ட்' நாவல் (1910) இப்போது எனக்கு வேறாகத் தெரிகிறது. மரணப் படுக்கையில் மிஸஸ் வில்காக்ஸ் தன் வீட்டை மார்கரெட்டுக்கு என்று பென்சிலால் ஒரு சீட்டு எழுதிவிட்டுப் போகிறாள். குடும்பம் உட்கார்ந்து அதை அம்சம் அம்சமாக ஆராய்கிறது, சட்டப்படி செல்லாது என்று காண்கிறது, கிழித்து நெருப்பில் போடுகிறது. பரீட்சைக்கு அதை வர்க்கம், பண்பாடு என்றெல்லாம் எழுதி மார்க் வாங்கினேன். வில்காக்ஸ்கள் கெட்டவர்கள் என்று எளிதாகச் சொல்ல முடிந்தது, ஏனென்றால் எனக்கு வீடு எதுவும் கிடைக்கவில்லை. ஃபார்ஸ்டர் அவர்களை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடவில்லை என்பதை அப்போது கவனிக்கவில்லை. அந்தச் சீட்டைப் போலவே இந்த நோட்டுகளைப் பற்றியும் வைத்திருப்பவனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு வித்தியாசம். தான் இழந்தது இன்னதென்று மார்கரெட் நாவலின் கடைசிப் பக்கத்தில்தான் அறிகிறாள்; அதற்குள் கதை சுற்றி வளைத்து வீட்டை அவளிடமே சேர்த்துவிடுகிறது. நம் வாழ்க்கையில் அப்படிச் சேர்த்துவைக்க நாவலாசிரியன் இல்லை. அத்தைக்கோ ஆரம்பத்திலிருந்தே தெரியும்.

தெரியும் என்பதை அவளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். "அப்பா என்னைக்காவது ஒங்களுக்குப் பங்கு இல்லன்னு சொன்னாரா அத்தை?" என்றேன். வக்கீல் நண்பர் கேட்கச் சொன்ன கேள்வி. அவள் முகம் மாறிவிட்டது. "அண்ணன் அப்படிச் சொல்லுமா? சொல்ற ஆளா அது?" என்றாள். சட்டப்படி அவளுக்குச் சாதகமான பதில் அது. ஆனால் அவள் அதைச் சொன்னது அண்ணனுக்குச் சாதகமாக. அவர் சொல்லவும் விடாமல், தானும் கேட்காமல், நாற்பது வருஷம் இருவரும் சேர்ந்து ஒரு மௌனத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அவளுடைய உரிமை அதனால்தான் பிழைத்தது. அவளுக்கு நிலம் கிடைக்காததும் அதனால்தான்.

சட்டம் களவை அறிதலைக் கொண்டு அளக்கிறது. 1968இல் தீர்ந்த நிங்கவ்வா வழக்கில், கணவன் மனைவியிடம் எழுதி வாங்கிய தானப் பத்திரத்தில் அவளுக்குத் தெரிந்த இரண்டு நிலங்கள் இருந்தன, தெரியாமல் சேர்த்த இரண்டும் இருந்தன. தெரியாமல் சேர்த்தவை அவளுக்குத் திரும்பின. தெரிந்து, அவன் ஆதிக்கத்துக்குப் பணிந்து கொடுத்தவை காலாவதியாகிவிட்டன. மறைத்ததைச் சட்டம் மீட்டுக் கொடுத்தது. பணிய வைத்ததை மீட்பதற்கு அவளுக்குக் கொஞ்ச அவகாசமே கொடுத்திருந்தது. பணிந்தவள் எழுந்து நிற்பதற்குள் அது தீர்ந்துவிட்டது.

5

அத்தைக்கு உள்ள வழிகளை ஒரு தாளில் எழுதினேன்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். பிறகு பாகப்பிரிவினை வழக்கு. முதல்நிலைத் தீர்ப்பாணையில் அவளுக்குப் பாதி என்று அறிவிப்பார்கள். கமிஷனர் வந்து அளந்து, இறுதித் தீர்ப்பாணையில் இந்த மூன்று மா இன்னாருக்கு என்று எழுதுவார்கள். தமிழ்நாட்டுக் கோர்ட்டுக் கட்டணச் சட்டத்தின் 37ஆம் பிரிவில், தான் கூட்டுச் சுவாதீனத்தில் இருப்பதாகச் சொல்லும் வாதிக்கு ஒரு சிறிய நிலையான கட்டணம்தான். வெளியேற்றப்பட்டவருக்குச் சொத்து மதிப்பின் அளவில் கட்டணம். எனவே பிராது எழுதும் எவரும், வாதி இன்றுவரை சொத்தைக் கூட்டாக அனுபவித்து வருவதாகவே எழுதுவார்கள். நாற்பது வருஷம் அனுபவிக்காத ஒன்றைக் கேட்க, அனுபவித்து வருகிறேன் என்று ஆரம்பிக்க வேண்டும். கடந்தகால விளைச்சலில் அவளுக்குரியதைக் கேட்டால் மூன்று வருஷத்துக்கு மேல் கிடைப்பது கடினம். பாக்கி வருஷங்கள் யாருக்கும் சொந்தமில்லாமல் போய்விட்டன. அவற்றில் மூன்று வருஷங்கள் என் பட்டப்படிப்பு.

அவள் பெண் என்பதால், வருமானம் எவ்வளவானாலும், 1987ஆம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. வழக்குப் போடாமலே தாலுகா சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுத்து லோக் அதாலத்தில் சமாதானமாக முடிக்கலாம். அங்கே தீர்ந்தது கோர்ட்டுத் தீர்ப்பாணைக்குச் சமம், அப்பீல் இல்லை.

எதுவும் இல்லாமல் நானே எழுதிக் கொடுக்கலாம். இந்த இடத்தில் என் சங்கடம் பாஷையைப் பற்றியதாகிவிட்டது. பத்திர எழுத்தரிடம் போனால் கிரயம், தானம், செட்டில்மெண்ட், விடுதலை, பரிவர்த்தனை, பாகப்பிரிவினை என்று பெயர்கள் இருக்கின்றன. மறுகிரயம்கூட உண்டு, அது விற்றவர் திரும்ப வாங்குவது. எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதற்குப் பத்திரம் இல்லை. செட்டில்மெண்ட் என்றால் 'அன்பினாலும் பிரியத்தினாலும்' என்று எழுதுவார்கள். அவளுடையதை அவளுக்கு அன்பளிப்பாகக் கொடுத்த புண்ணியவான் ஆகிவிடுவேன். முத்திரைத்தீர்வைச் சலுகைக்கான குடும்பம் என்ற விளக்கத்தில் அத்தையும் மருமகனும் வருவதில்லை என்பது வேறு வேடிக்கை.

பாகப்பிரிவினைப் பத்திரம் இதைவிட யோக்கியமானது. இருவருக்கும் முன்பே பாத்தியதை உண்டு, இப்போது பிரித்துக்கொள்கிறோம் என்பது அதன் அடிப்படை. யாரும் யாருக்கும் எதையும் கொடுப்பதில்லை. குடும்ப ஏற்பாடு பற்றி 1976இல் காலே வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னதும் இந்தத் தத்துவம்தான்: ஏற்கெனவே உள்ள உரிமையை ஒருவருக்கொருவர் ஒப்புக்கொள்வது. சட்டத்தில் எனக்கு அகப்பட்ட நேர்மையான வார்த்தை இதுதான். ஆனால் அதிலும் அந்த நாற்பது வருஷத்துக்கு இடமில்லை. தாத்தா 1984இல் இறந்தார், இன்று பிரித்துக்கொள்கிறோம். இடையில் ஒன்றும் நடக்கவில்லை என்பதுபோல அந்தப் பத்திரம் பேசும். நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சட்டத்தால் முடியும். எடுக்கப்பட்டது என்ற வாக்கியத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அதை எடுத்தவன் அல்லது அவன் வாரிசு வாயால் சொல்ல வேண்டும்.

தாளை அத்தையிடம் படித்துக் காட்டினேன். வழக்கு என்ற இடத்தில் நிறுத்தினாள். "ஒம்பேரயா எழுதணும்?" "ஆமாம் அத்தை." "ஒங்கப்பா பேரு?" "அதுவும் வரும். அவர் இப்படிச் செய்தார்னு எழுதுவாங்க." கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "நான் அதுக்கு வரல தம்பி. மூணு வருஷமா நெல்லு வரல. அதான் கேட்டேன்."

6

அப்பா இறந்த பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டேன். குத்தகை பணமாக வங்கிக் கணக்குக்கு வந்துவிடுகிறது. பணத்தில் கோட்டுக்கு மேல், கோட்டுக்குக் கீழ் என்று இல்லை. இரண்டு மூட்டை நெல் என் ஞாபகத்துக்கே வரவில்லை. நாற்பது வருஷத்தில் அப்பா செய்யத் துணியாததை நான் மறதியால் செய்துவிட்டேன். உனக்கு இதில் ஒன்றுமில்லை என்று அவளுக்கு முதன்முதலாகச் சொன்னது நான். கெட்டிக்கார வக்கீல் ஒருவர் 12 வருஷக் கணக்கை 2022 தையிலிருந்து தொடங்கச் சொல்லி வாதிக்கக்கூடும். அப்படியானால் 2034 தையில் எல்லாம் எனக்குச் சொந்தம். அத்தைக்கு இப்போதே எழுபது.

அவள் சட்டத்தில் வழி கேட்டது என்னை எதிர்த்து அல்ல என்று இப்போது புரிகிறது. நெல்லைக் கேட்டால் பிச்சை கேட்டதாகும். நிலத்தைக் கேட்டால் சண்டை. இரண்டுக்கும் நடுவில், அண்ணன் மகன் தானாகவே உணர்வதற்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்துப் பார்த்தாள். நான் தாளில் வழிகளை எழுதிக் காட்டினேன்.

வக்கீல் நண்பர் ஒரு எச்சரிக்கை சொல்லியிருந்தார்: "எதையும் எழுத்துல கொடுத்துடாதீங்க. பேசாம இருக்கிறதுதான் உங்க கட்சி." கவிதை எழுதுபவர் அப்படிச் சொன்னது என்னை உறுத்தியது, ஆனால் வக்கீலாக அவர் சொன்னது சரி. காலவரம்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி, காலம் முடியும் முன் ஒருவர் மற்றவரின் உரிமையை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அன்றிலிருந்து காலக்கணக்கு புதிதாகத் தொடங்கும். நான் விவசாயிகளிடம் வாங்கும் கடிதங்களுக்கு உயிர் கொடுக்கும் பிரிவு இதுதான். அதன் விளக்கத்தில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. ஒப்புதல் உரியவருக்கே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. வேறு யாருக்கு எழுதியிருந்தாலும் போதும்.

ஆகவே என் பெயருடன் வெளிவரும் இந்தக் கட்டுரையை, ஆறு மாவில் மூன்று மா அத்தையுடையது, 1984இலிருந்தே அவளுடையது என்பதற்கு என் எழுத்து மூலமான ஒப்புதலாக எடுத்துக்கொள்ளலாம். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. அச்சில் நூறு பேரிடம் ஒப்புக்கொள்வது, வீட்டுத் திண்ணையில் ஒருத்தியிடம் ஒப்புக்கொள்வதைவிட எவ்வளவு சுலபம் என்று இந்த இதழில் எழுதுகிற எல்லாருக்கும் தெரியும். அத்தை இதைப் படிக்கப்போவதில்லை. அப்பாவைப் பற்றி நான் எழுதியிருக்கும் வாக்கியங்களை அவள் பொறுத்துக்கொள்ளவும் மாட்டாள்.

இரண்டு மூட்டை நெல் வாங்கி வைத்திருக்கிறேன். பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகலும் தயாராக இருக்கிறது. முதலில் எதைக் கொண்டுபோய் அவள் முன் வைப்பது என்பதுதான் தெரியவில்லை. நெல்லை முதலில் வைத்தால் பத்திரம் சீராகிவிடும். பத்திரத்தை முதலில் வைத்தால், அவள் அண்ணன் நாற்பது வருஷமாக அனுப்பிய நெல்லுக்கு ஒரு பெயர் வந்துவிடும்.

நோட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாமா என்று யோசிக்கிறேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியும். கோடு எங்கே போட்டிருக்கிறது என்பதை அவளே பார்த்துக்கொள்ளட்டும்.